மடியில் ஒரு செம்புத் தண்ணீர்

சித்தப்பா கார் செய்த வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. ரெட்டியார்சத்திரத்தில் பட்டறை வைத்திருந்தவர், அடிபட்டுக் கிடந்த ஒரு சரக்கு ஆட்டோவின் எஞ்சினைக் கழற்றிவந்து, தானே தகரம் அடித்துச் செய்த காரின் பின்பக்கத்தில் பொருத்தினார். ஊரெல்லாம் எஞ்சினை முன்னால் வைத்திருக்க இவனுக்கு மட்டும் ஏன் இந்தக் கோணல் புத்தி என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. சித்திக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் குலுக்கிய குலுக்கல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சித்தப்பா நம்பினார். இப்போது மூன்றாவது, ஏழு மாதம். அதனால்தான் இந்தக் காரில் நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடுத்த சக்கரத்துக்குத் தெரியவே கூடாது என்பார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் செம்புதான். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, மடியில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டுக் காரைக் கிளப்புவார். முதுகில் எஞ்சின் சூடு, மடியில் ஈரம்.

"சிந்துச்சா பாப்பா?"

"சிந்திருச்சு."

உடனே பட்டறைக்குத் திரும்பி ஸ்பிரிங்கை மாற்றுவார். மறுபடியும் செம்பு. மாதா திருவிழாவுக்கு எடுத்த கவுன்கூடத் தப்பவில்லை. நான் நனைந்தேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை, செம்பைத்தான் எட்டிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கூத்தில் ஒருநாள் அம்மியும் காணாமல் போனது.

"எஞ்சின் பின்னால இருக்குல்ல அண்ணி, முன்னால கனம் இல்லேன்னா ஸ்டேரிங் நிக்க மாட்டேங்குது."

"அப்ப வெஞ்சனத்துக்கு மசாலாவ உங்க ஸ்டேரிங்லயே அரைச்சுக்கங்க தம்பி!" என்று அம்மா கத்தினாள்.

மாதம் நிறைந்து சித்திக்கு வலி கண்ட காலையில், அப்பா வாடகைக் காருக்கு ஆள் அனுப்பப் பார்த்தார். இன்றைக்காவது சொல்பேச்சுக் கேள் என்று தம்பியிடம் கெஞ்சினார். சித்தப்பா குனிந்து ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"நான் இதுலயே போறேன்க்கா," என்று சித்திதான் முதலில் ஏறினாள். பக்கத்தில் ஏறிய அம்மா, கதவைச் சாத்துவதற்கு முன் கேட்டாள்: "தம்பி, அம்மி உள்ள இருக்குல்ல?"

கார் நகர்ந்த பிறகுதான் கவனித்தேன், செம்பை எடுக்கவே இல்லை. ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு தெருமுனை வரை கத்திக்கொண்டே துரத்தினேன். நிற்கவில்லை. பாதித் தண்ணீர் என் மேலேயே கொட்டியதுதான் மிச்சம்.

சாயங்காலம் தங்கச்சிப் பாப்பா பிறந்த சேதி வந்தது. வீடே சிரித்தது, நான் மட்டும் உம்மென்று இருந்தேன். இத்தனை நாள் என்னை நனைத்துவிட்டு, முக்கியமான அன்றைக்குச் செம்பில்லாமல் போனால் என்ன நியாயம்? மறுநாள் ஆஸ்பத்திரியில் சித்தப்பாவிடம் கேட்டேவிட்டேன்.

அவர் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சிந்தல பாப்பா," என்றார்.

செம்பே இல்லாமல் அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.