காத்திவாக்கத்தில் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக்

எங்கள் எலெக்ட்ரிக் காரை ஊர் தாண்டி எடுத்துப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டுக்காரருக்கோ நம்பிக்கையே இல்லை. "நடுவழியில் நின்னு லாரியில ஏத்திக்கிட்டு வந்தா, மறுநாளே வித்துடுவேன்" என்றார். சரி, பார்த்துடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பிவிட்டேன். செங்கல்பட்டிலிருந்து காத்திவாக்கம், என் பழைய ஆபீஸ் தோழி கலாவின் புது வீட்டுக்கு.

எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் அரை மணி நேரம் போயிற்று. 96 கிலோமீட்டர். பேட்டரி 92 சதவீதத்தில் கிளம்பி, பத்து இருபதுக்கு 44-இல் போய்ச் சேர்ந்தேன். திரும்பக் குறைந்தது 65 வேண்டும். வீட்டுப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மணிக்குப் பத்து சதவீதம் ஏறும். சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் ஏறிவிடும் என்பது என் கணக்கு.

வாஷிங் மெஷின் பிளக்கில் சார்ஜரைச் சொருகினேன். சிவப்பு விளக்கு! பிளக்கில் எர்த் இல்லை என்று அர்த்தம். எர்த் இல்லை என்றால் வண்டி கரண்டே வாங்காது.

பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் வேலு வந்து எர்த்தில் பல்பு வைத்துப் பார்த்தார், எரியவில்லை. "எர்த் குழி எங்கண்ணா கீது?"

கலாவின் கணவர் தேசிங்கு, டிரெய்லர் ஓட்டுபவர், தன் காலடியைப் பார்த்தார். "டைல்ஸ் போடச்சொல்லோ அந்தப் பச்சை ஒயரு எடஞ்சலா நீட்டிக்கினு இருந்துச்சு. நான்தான் கட் பண்ணச் சொன்னேன்."

வாசலில் கலாவே தேடி வாங்கிய கோல டைல்ஸ். குழி அதற்கு அடியில். உடைக்கச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்? "வேணாம், லாரி கூப்பிட்டுக்கறேன்" என்றேன்.

கலா சுத்தியலோடு வந்தாள். "மெஷினைத் தொட்டா சுர்ருன்னு கீதுன்னு மூணு மாசமா கத்திக்கினு கீறேன். ஈரக் கைன்னு சொன்னியே! நவுருய்யா!" ஒரே போடு.

மெயினை அணைத்துவிட்டுப் புது ஒயர் இழுத்து, எர்த் நன்றாகப் பிடிக்கக் குழியில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினார் வேலு. கூலி நானூறு, தேசிங்கு என்னைத் தரவிடவில்லை. பன்னிரண்டரைக்குப் பச்சை விளக்கு. அப்பாடா! இறால் தொக்கு, சாதம், ஊர்க்கதை. மூன்றரைக்கு 74 சதவீதம், ஒன்பது யூனிட்தான்.

இப்படிப் போகிறவர்களுக்கு: போகும் வீட்டில் எர்த் சரியா என்று முதல் நாளே பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பிளக் சுட்டால் உடனே நிறுத்துங்கள்.

ஆறே காலுக்கு வீடு, மிச்சம் 24. வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார், தானே சார்ஜரை மாட்டினார். விற்கிற பேச்சு அதோடு போயிற்று. வந்துவிட்டேன் என்று சொல்லக் கலாவைக் கூப்பிட்டேன்.

"டைல்ஸ் போச்சேன்னு நினைக்காதடி," என்றாள். "மூணு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் செருப்பு போடாம மெஷின்ல துணி துவைச்சேன்."