ஏரல் தண்ணீர்

என் தாய்மாமா எதை விற்றாலும் முதலில் அதை அவரே நம்பிவிடுவார். இடுப்பைக் குறைக்கும் பெல்ட் விற்ற காலத்தில், ஒல்லிக்குச்சி உடம்பில் அதைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் பஸ்ஸில் சுற்றியவர். மூலிகைப் பற்பசை விற்றபோது எங்கள் வீட்டில் இருந்த வேறு பற்பசையை எடுத்துக் குப்பையில் போட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் வியாபாரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பம் பல தடவை பார்த்துவிட்டது. கடைசியாக அவர் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வந்தபோது எனக்குப் பத்து வயது.

எங்களுக்குத் தூத்துக்குடி. இங்கே விளைகிற உப்பு லாரி லாரியாக வெளியூர் போகிறது, மிச்சம் நம் வீட்டு போர் தண்ணீரில் வருகிறது என்று அப்பா சொல்வார். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பக்கெட்டில் படியும் வெள்ளையைக் கத்தியால் சுரண்டினாலும் போகாது. தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடித்துச் சீப்போடு சண்டை போடும். குடிக்கிற தண்ணீர் மட்டும் சில நாளுக்கு ஒரு தரம் தெருக்குழாயில் வரும். அதை நல்ல தண்ணி என்று சொல்லிக் குடம் குடமாகப் பிடித்துவைப்போம். அந்த நல்ல தண்ணியும் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் பொருக்கு விடும்.

அம்மா ஏரல்காரி. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர்த் தண்ணீரோடு அவளுக்கு ஓயாத வழக்கு. ஏரலிலிருந்து யார் வந்தாலும் வெற்றிலை வாழைப்பழத்தோடு ஒரு கேன் ஆற்றுத் தண்ணீரும் வந்தாக வேண்டும். அதில் ஒரு தம்ளர் குடித்துவிட்டுத்தான் வந்தவர்களை வாங்க என்பாள். குழாயில் வருவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தான் என்று அப்பா சொன்னால், "கொழாய்க்குள்ள நொழஞ்சிட்டா அது வேற தண்ணி" என்று முடித்துவிடுவாள்.

அந்த வருஷம் அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் இருப்பதாக டாக்டர் சொன்னார். வலி வந்தால் அடுப்படித் தரையில் சுருண்டு கிடப்பாள். நான் பயந்துபோய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள், அதுதான் முதல் மருந்து என்று டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். எதனால் கல் வந்தது என்று அம்மா கேட்டதற்கு, பல காரணம் இருக்கும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை.

அந்த வாரமே மாமா வந்தார். தோளில் ஒரு பை. அதிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். பெட்டியின் அடியில் நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கண்ணாடித் தம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த மெஷின் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தன. தம்ளருக்கு இரண்டு கம்பியாக இறக்கிவிட்டு மாமா சுவிட்சைப் போட்டார். மெஷின் தண்ணீர் அப்படியே இருந்தது. குழாய்த் தண்ணீரில் முதலில் மஞ்சளாக ஏதோ இழை பிரிந்தது, பிறகு துருப்பிடித்தாற்போல் நிறம் மாறிக் கொஞ்ச நேரத்தில் சாக்கடை மாதிரி கலங்கி மேலே அழுக்கு நுரை மிதந்தது.

"எக்கா, இத்தன வருசமா நீ இதத்தான் குடிச்சிருக்க" என்றார் மாமா. சரக்கு விற்க வந்தவர் குரலாக அது இல்லை.

அம்மா தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டும் எம் வயித்துக்குள்ளயா கெடக்கு?" என்றாள்.

பக்கத்து வீட்டு அத்தை ஓடிப்போய்த் தன் வீட்டுக் கேன் தண்ணீரைக் கொண்டுவந்தாள். கடையில் வாங்கியது. அதுவும் லேசாக மஞ்சளித்தது. ஆக, காசு கொடுத்து வாங்கும் தண்ணீரும் அம்மாவுக்கு விஷமாகிவிட்டது. "மொத மெஷின் ஒனக்குத்தாங்க்கா. அது வார வரைக்கும் இந்தத் தண்ணிய நாக்குல வைக்காத" என்று மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அடுப்படியில் ஏரல் தண்ணீர் ஒரு கேன் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று மாமாவுக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. அவர்கள் இரண்டு பேருமே ஏரல்.

பிளஸ் டூ படிக்கும்போது ஆய்வகத்தில் அந்த வித்தை எனக்கு விளங்கியது. தண்ணீரில் உப்பும் தாதுவும் கரைந்திருந்தால் அதில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். தம்ளரில் கலங்கியது கம்பியின் இரும்புதான், தண்ணீரின் அழுக்கு இல்லை. மெஷின் தண்ணீரில் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிடுவதால் அதில் எதுவும் நடக்காது. யாரோ ஒருவன் சாமர்த்தியமாக யோசித்து ஊர் ஊராக விற்க அனுப்பிய ஏமாற்று வேலை.

மெஷின் வரவில்லை. கம்பெனியின் திருநெல்வேலி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. மாமா போய்ப் பார்த்துவிட்டு, "சரக்கு வந்துக்கிட்டு இருக்காம்" என்பார். அதையும் நம்பித்தான் சொன்னார். அதுவரைக்கும் அக்காவுக்காக ஏரலிலிருந்து பஸ்ஸில் கேன் கேனாகத் தண்ணீர் சுமந்தார். கண்டக்டர்களிடம் திட்டு வாங்கி, கைப்பிடி அறுத்துச் சிவந்த விரல்களோடு வந்து நிற்பார். ஆனால் ஒரு ஆள் எவ்வளவு சுமக்க முடியும்? அந்தத் தண்ணீரில் முதலில் என் பள்ளிக்கூடத்து பாட்டில் நிறையும். அப்புறம் அப்பாவுக்கு எடுத்துவைப்பாள். அவள் வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. சாயங்காலம் நான் வந்ததும் என் பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்ப்பாள், மிச்சம் இருந்தால் குடிப்பாள். பாட்டிலைக் கழுவத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அப்பா சத்தம் போடாமல் இல்லை. "ஏளா, ஊரே குடிக்கி. ஊருக்கெல்லாம் கல்லா வந்துட்டு?"

"ஊருக்கு வராட்டா போகட்டும். எனக்கு வந்துட்டுல்லா" என்பாள் அம்மா.

வெயில் ஏறியது. ஒரு நாள் குளிர் ஜுரம் வந்து அம்மா எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கல் அடைத்துச் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா அப்பாவிடம், "இவங்களத் தண்ணியே குடிக்க விடலையா நீங்க?" என்று கோபமாகக் கேட்டார். அப்பா திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா ஏரல் கேனைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார். அம்மாவின் கையில் பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏறியது. எந்த உப்புக்குப் பயந்து வாயைக் கட்டினாளோ அதைத்தான் கடைசியில் ஏற்றினார்கள், அதுவும் அவளைக் காப்பாற்றவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, மத்தியானம் வீடு வெறிச்சென்று கிடந்தது. அப்பா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எங்கள் வீட்டிலேயே போட்டுவைத்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டியை மாமா பரணிலிருந்து இறக்கினார். அடுப்படியில் அவர் கடைசியாகக் கொண்டுவந்த கேன் பாதி தீராமல் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அதிலிருந்து ஒரு தம்ளரில் ஊற்றி, கம்பியை இறக்கி, சுவிட்சைப் போட்டார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் இழை பிரிந்தது. துரு நிறமானது. அப்புறம் அதே சாக்கடை, அதே நுரை.

மாமா தம்ளரைக் கொட்டிக் கழுவி மறுபடி ஊற்றிப் பார்த்தார். மறுபடியும் அப்படியே ஆனது. அவர் சுவிட்சை அணைக்கக்கூட இல்லை. மேஜையில் தலையைச் சாய்த்து, சத்தம் வராமல், உடம்பெல்லாம் குலுங்க அழுதார். அம்மா செத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

ஏரல் ஆறும் கெட்டுப்போய்விட்டதே என்றுதான் மாமா அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் போய் அவர் முதுகைத் தடவி, "அழாதீங்க மாமா. மழ பெஞ்சா ஆறு நல்லாயிரும்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு முன்னைவிட அதிகமாக அழுதார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. யார் எதைச் சொன்னாலும் நம்புகிற மாமா, நான் சொன்ன இதை மட்டும் ஏன் நம்பவில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.