சறுக்குமரத்தில் ஈரச்சாக்கு

பூங்காவில் வேலை என்றால் பூக்களுக்கு நடுவில் வேலை என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அது வெயிலுக்கும் குப்பைக்கும் நடுவில். மாமல்லபுரம் போகிற வழியில், கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிற சிறுவர் பூங்காவில் மூன்று வருஷமாகப் பெருக்குகிறேன், செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். ஏழாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேச வராது. பிள்ளையை வேலை இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகிற அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கை வைத்துப் பார்ப்பது

எங்கள் பூங்காவின் சறுக்குமரம் தகரம். காலை பத்து மணிக்கு மேல் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். அதனால் மணிக்கு ஒருமுறை போய் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். கை பொறுக்கவில்லை என்றால் கோணிச்சாக்கைத் தண்ணீரில் முக்கி அதன்மேல் விரித்துவிடுவேன். ஈரச்சாக்கு கிடந்தால் யாரும் ஏறக் கூடாது என்று அர்த்தம். அந்த அர்த்தம் எனக்கும் வாட்ச்மேன் ஏழுமலை அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், பிள்ளை ஏறப் போகும்போது சாக்கு ஏன் போட்டாய் என்று சத்தம் போட்டார். நான் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதை இழுத்துப் போட்டுவிட்டுக் கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு கையை உதறிக்கொண்டே சொன்னார்: "இம்மாஞ் சூடு கீதுன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொன்னா இன்னாம்மா?"

விசில்

சூப்பர்வைசர் சார் எனக்கு ஒரு விசில் கொடுத்திருக்கிறார். சின்னப் பிள்ளைகளின் ஊஞ்சலில் பெரியவர்கள் உட்கார்ந்தால் ஊத வேண்டும். மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட நான் ஊதியதில்லை. ஊதினால் எல்லோரும் திரும்பி என்னைத்தானே பார்ப்பார்கள்.

புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று ஊஞ்சலில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்த சங்கிலி கிறீச்சென்று கத்துகிறது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் காலைச் சுற்றியே பெருக்க ஆரம்பித்தேன். காலைத் தூக்கினார்கள், தூக்கின இடத்திலும் பெருக்கினேன். கடைசியில் மாப்பிள்ளைதான் எழுந்தார்: "வா, போலாம். வுட்டா அக்கா நம்பளயே முறத்துல வாரிடுவாங்க போலக்கீது."

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடி கிடையாது. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், அவருக்கும் லீவு கிடையாது. அதனால் நாலு வயது மகள் ஜெசி என்னோடு வருவாள். வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்களில் ஏறக் கூடாது என்பது சட்டம். பூவரச மரத்தடியில் அவளை உட்கார வைத்துவிடுவேன். எதிரில் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சறுக்கி விளையாடும்.

"நானும்மா" என்று முதல் வாரம் கேட்டாள். சட்டத்தை நாலு வயசுக்கு எப்படிச் சொல்வது? "வேணாம்டி, சுடும்" என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள், அதையே சொன்னேன். சாயங்காலம் காற்று குளுகுளுவென்று வீசும்போதும் சொன்னேன். நாலைந்து வாரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். படியில் கால் வைத்த ஒரு பெண்குழந்தையிடம் ஜெசி ஓடிப்போய், "ஏறாத, தோலு உரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டாள். அது வீல் என்று அழுது, சறுக்குமரத்தின் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டது. அதன் அம்மா தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. ஜெசியைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "கொழந்தைக்கு இப்படி ஒரு பயத்த யாருங்க சொல்லிக் குடுத்தது?"

விசாரணை

விஷயம் சூப்பர்வைசர் சார் காதுக்குப் போனது. வேலை போச்சு என்று மறுநாள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே போய் நின்றேன். பிள்ளை ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டார். நான் தலைப்பை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன். ஏழுமலை அண்ணன்தான் எடுத்துச் சொன்னார்: "கொழந்த ஏறக் கூடாதுன்னு இதுதான் சார் சுடும் சுடும்னு சொல்லி வெச்சிகீது."

சார் ரிஜிஸ்டரைப் புரட்ட ஆரம்பித்தார். தலை நிமிராமலே சொன்னார்: "செவ்வாக்கெழம பார்க்குக்கு லீவு. அன்னிக்கி இட்டுனு வந்து வெளையாட வுடு. நா பாக்கல."

செவ்வாய்க்கிழமை

யாரும் இல்லாத பூங்கா. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, தகரத்தில் பனி முத்து முத்தாக நின்றது. "ஏறுடி கண்ணு" என்றேன். ஜெசி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சுடும்மா." கையைப் பிடித்துத் தகரத்தில் வைத்தேன். உண்மையாகவே சுட்டதுபோல அலறினாள். நெருப்பே இல்லாமல் என் பிள்ளைக்கு நான் சூடு போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

"நீ மொதல்ல ஏறிக் காட்டு தங்கச்சி" என்றார் ஏழுமலை அண்ணன், அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு. நான் சின்ன வயதிலும் சறுக்குமரம் ஏறியதில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. கீழே ஜெசி, "எறங்கு, சுட்டுடும்மா" என்று கதறுகிறாள். ஒருவழியாக நெட்டித் தள்ளிக்கொண்டு மணலில் வந்து விழுந்தேன்.

அவள் ஓடி வந்தாள். நான் தகரத்தைத் தொட்டுப் பார்ப்பேனே, அதேபோல உள்ளங்கையை என் முதுகில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். கோணிச்சாக்கை முக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட இழுத்து வந்தாள். சாக்கையும் அவளையும் நான் மேலே தூக்கி வைத்தேன். சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னாள்: "சாக்கு போட்டாச்சு, இனிமே சுடாது. பிடிம்மா, வர்றேன்."

இப்போது செவ்வாய்க்கிழமை தவறாமல் ஈரச்சாக்கின்மேல்தான் சறுக்குகிறாள். நான் சொன்ன ஒரு பொய்க்கு வாரம் ஒரு கவுன் துவைத்துக்கொண்டிருக்கிறேன்.