தகரம் சொன்ன பொய்

என் மனைவி ஹெலன் வெயிலில் தலைகாட்டவே மாட்டாள். வேலை என்னவோ வெயிலோடுதான். நாவலூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் அனுப்பும் அகச்சிவப்புப் படங்களை வைத்து, நம் கடற்கரை வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்கிறாள். படத்தில் சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம்.

கத்திரி வெயிலுக்கு முன் எந்தத் தெருக்களின் கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பது என்று ஒரு தொண்டு நிறுவனம் அவளிடம் கேட்டிருந்தது. புதுப்பட்டினத்தில் அவள் அம்மா சந்திரம்மா இருக்கும் தெரு நீலமாக வந்தது. "கடல் காத்து அடிக்குதில்ல!" என்று பெருமையாகச் சொல்லி, அந்தத் தெருவை விட்டுவிட்டாள். போன மே மாதம் அதே வீட்டில்தான் அத்தை மயங்கி விழுந்தார். பிரஷர் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம். நாங்கள் அவ்வளவு புத்திசாலிகள்.

ஞாயிறு சர்ச் முடிந்து போனபோது அத்தையிடம் படத்தைக் காட்டினாள்.

"இன்னாடி, நம்ம வூடு குளுகுளுன்னு கீதா? மத்தியானமானா நான் வேப்ப மரத்தாண்ட ஓடிகினு கீறேன். உன் சாட்டிலைட்ட உள்ள வந்து குந்தச் சொல்லு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெலனுக்கு முகம் சுண்டிவிட்டது. நெற்றியில் காட்டிச் சூடு பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு கருவி அவள் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில், ஏணியில் ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

புயலுக்குப் பிறகு தெரு முழுக்கப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். பளபளக்கும் தகரத்தில் காட்டினால் கருவி சூட்டைக் குறைத்துச் சொன்னது. ஆணி ஓட்டையை அடைக்கப் பூசிய தாரில் காட்டினால் எண் எகிறியது. பளபளப்பான தகரம் எவ்வளவு கொதித்தாலும் அகச்சிவப்புக் கதிரைக் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள் அதைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். இதைப் படித்துத் தேறியவள்தான் அவள். கீழே இறங்கி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் மேலாளர் அருணகிரியிடம், எல்லோர் முன்னாலும், "என் படம் தப்பு சார்" என்றாள். போன அறிக்கையைத் திரும்ப வாங்கி, தகரக் கூரைத் தெருக்களை எல்லாம் சேர்த்து அனுப்பினாள். அருணகிரி ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கோ அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடலாம் போலிருந்தது.

கத்திரிக்கு முன்பே அத்தை தெருக் கூரைகளுக்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். இந்த மே மாதம் ஒரு மதியம் அத்தை போனை எடுக்கவில்லை. ஹெலன் உடனே பக்கத்து வீட்டுப் பெண் வேண்டாவைப் போனில் கூப்பிட்டு, ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னாள்.

"அக்கா, அம்மா உள்ளதான் தூங்கிகினு கீது. எழுப்பட்டா?"

"வேணாம், வேணாம்! தூங்கட்டும்" என்றாள் ஹெலன். "நீ போனை மட்டும் கொஞ்ச நேரம் அம்மா பக்கத்துல வை."

குறட்டைச் சத்தம் கேட்டது.