முனகாமல் இறங்கிய கிராங்க் பின்

அன்று அந்தக் கிராங்க் பின் முனகாமல் உள்ளே இறங்கியது. பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்த நான் கையை எடுத்துவிட்டு, இப்போதாவது முனகுமா என்று குனிந்து காதை வைத்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டூ-ஸ்ட்ரோக் வண்டியின் எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்க் ஒரே துண்டு இரும்பு அல்ல. இரண்டு எஃகுச் சக்கரங்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க நடுவே விரல் பருமனில் ஒரு பின், அந்தப் பின்னில் பேரிங் வைத்து மாட்டிய, பிஸ்டனோடு இணைக்கிற கனெக்டிங் ராடு. திருகு கிடையாது, ஆணி கிடையாது. பின்னைவிடச் சக்கரத்தின் துளை மயிரிழை சின்னது. அந்த இறுக்கம்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் பிரஸ்ஸில் வைத்து அழுத்தும்போது பின் முனக வேண்டும். முனகவில்லை என்றால் பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். பந்தயத்தின் முழு வேகத்தில் அது துளைக்குள் புரண்டால் எஞ்சின் பூட்டிக்கொள்ளும், டயர் நின்றுவிடும், ஓட்டுகிறவர் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருப்பார்.

ஓட்டுகிறவர் என் பாவா, அக்காவின் வீட்டுக்காரர். வாரமெல்லாம் பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி, ஞாயிறானால் மண் திடலில் பைக் பந்தயம். திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகும் சாலையில் இருக்கிற என் பட்டறையில்தான் அவருக்குக் கிராங்க் தயாராகும். சக்கரங்களைக் கடைந்து இளைக்கவைப்பேன். எடை சரியாக, வேண்டிய இடத்தில் கனமான உலோகத்தை அடைப்பேன். ராடைக் கண்ணாடி மாதிரி தேய்ப்பேன். இதையெல்லாம் தைரியமாகச் செய்கிற எனக்கு, கடைசியில் கோர்க்கும்போது மட்டும் அக்காவின் குரல் காதில் விழும். “டேய், அவரு முழுசா வூட்டுக்கு வரணும். அத்த மட்டும் பாத்துக்கோ.”

அந்த வாரம் முதல் தடவை கோர்த்தபோது பின் நன்றாக முனகியது. கோணல் இருந்தால் முள் ஆடிக் காட்டுகிற டயல் கேஜை வைத்துச் சுற்றினேன். முள் அசைந்தது என்று சொன்னால் முள்ளுக்கே கோபம் வரும், அவ்வளவு நேர். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மெக்கானிக். நிறுத்தாததால் நான் மச்சான். உள்ளே பேரிங்கில் ஒரு தூசு கிடந்தால்? பிரித்துப் பார்த்தேன், தூசு இல்லை. திரும்பக் கோர்த்தேன். பார்க்கும்போது தும்மினேனோ என்று மறுநாள் ஒரு சந்தேகம். திரும்பவும் பிரித்தேன். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் பின் துளையைச் சுரண்டிக்கொண்டே வெளியே வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் நான்தான். மூன்றாவது முறை கோர்த்தபோதுதான் பின் முனகாமல் இறங்கியது.

பாவாவிடம் டீக்கடையில் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“எத்தினி வாட்டி கழட்டினே?”

“ஒரு வாட்டி.”

“மச்சான்.”

“ரெண்டு, பாவா.”

“மொதல்லயே நல்லா கீதுன்னு சொன்னியே?”

“ஆங். நல்லாத்தான் இருந்துச்சு. அதான் சந்தேகம் வந்துச்சு.”

சிரித்த சிரிப்பில் டீ அவர் மூக்கில் ஏறிவிட்டது. துடைத்துக்கொண்டு, “பின்னு மேல வெல்டு வெச்சுடு” என்றார். சூட்டில் கோணிக்கொள்ளும், கோணலைச் சுத்தியால் தட்டித்தான் எடுக்க வேண்டும், அதற்கப்புறம் பேரிங் போனால் பிரிக்கவே முடியாது, மொத்தக் கிராங்கும் பழைய இரும்புக்குத்தான் என்றேன்.

“தெரியும். பின்னு பெரள்றதுக்கு மட்டுமா சொல்றேன்? வுட்டா நீ இன்னொரு வாட்டி கழட்டுவே.”

வைத்தேன். பந்தயத்தன்று எல்லோரும் திடலைப் பார்த்து நிற்க, நான் சர்பத் வண்டிக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்று, காதால் மட்டும் பந்தயம் பார்த்தேன். பாவா வண்டியின் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். சுற்றுக்குச் சுற்று அது வந்தது, போனது. பிறகு ஒரு சுற்றில் பாதியிலேயே அறுந்தது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சர்பத்காரர் வேறு யாருக்கோ கலக்கிய டம்ளரை என் கையில் திணித்தார். அதை முழுக்கக் குடித்து முடிக்கிற வரைக்கும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்தபோது பாவா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“ப்ளக்கு பூட்ச்சு. கிராங்கு நல்லா கீது. ஏந்திரி மச்சான், சனம் பாக்குது.”

அந்தக் கிராங்க் அதற்கப்புறமும் பல பந்தயங்கள் ஓடியது. பேரிங் கடகடவென்று தட்ட ஆரம்பித்த நாளில், வேறு கிராங்க் கட்டட்டுமா என்று பாவாவிடம் கேட்டேன்.

“வோணாம் மச்சான். நீ தாங்க மாட்டே.”

அதோடு பந்தயத்தை விட்டுவிட்டார். அக்காவிடம் முட்டி வலி என்று சொல்லிவைத்திருக்கிறார். கிருத்திகைக்குக் கிருத்திகை எங்கள் எல்லோருக்கும் முன்னால் மலைப்படி ஏறி, மேலே நின்றுகொண்டு எங்களைக் கிண்டல் பண்ணுகிற முட்டி அது.

இப்போது சென்னையிலிருந்து ரயிலில் பையன்கள் வருகிறார்கள், பழைய கிராங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு. கோர்க்கிறேன், பின் முனகுகிறது, ஒரே தடவை அளக்கிறேன், கொடுத்து அனுப்புகிறேன். பிரித்துப் பார்க்கிற வழக்கம் போயே போய்விட்டது. பயம் தெளிந்துவிட்டது என்று அக்கா சொல்கிறாள். தெளியவில்லை. ஓய்ந்துபோய் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. வாங்கிப் போகிறவனின் பெயரைக்கூட நான் கேட்பதில்லை. வேலை முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறது.