தோற்றவர்களின் தெரு

பல்கேரியாவுக்கு நான் போனதே இல்லை. ஆனாலும் அந்த நாட்டு ஜனநாயகத்தின் தரம் பற்றித்தான் முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தேன். கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட நாடு. பிறகுதான் பல கட்சித் தேர்தல் வந்தது. அங்கே இருப்பவர்களுக்கு மின்னஞ்சலில் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்குவேன். ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயத்தை என் வழிகாட்டிப் பேராசிரியர் இரண்டு முறை திருப்பிவிட்டார். "எல்லாம் அட்டவணையா இருக்கும்மா, ஆளுங்க எங்கே?" என்றார்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் பக்கம் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகும் பஸ்ஸில் அந்தக் கேள்வித்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் கல்லூரி விடுதியில் சமைக்கும் அக்கா. ஒலக்கூர் பக்கத்துக் கிராமம்.

"இன்னா மேடம், பரீட்சை பேப்பரா?"

விளக்கினேன். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். ஓட்டு ரகசியமாக இருக்கிறதா, பத்திரிகைகள் பயமில்லாமல் எழுதுகின்றனவா, கோர்ட்டை நம்புகிறீர்களா.

"நல்லாத்தான் கேட்டிருக்கீங்க. தோத்தவங்களுக்கு ஓட்டு போட்ட தெருவுக்குத் தண்ணி வருதான்னு கேக்கலியே?"

அவர் வார்டு மெம்பருக்கு நின்று தோற்றவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். புதுக் குழாய் அவர் தெருமுனையோடு நின்றுவிட்டதாம்.

"அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிக்கினே இருந்தாங்க. கிராம சபையில எழுந்து நின்னேன். தீர்மான நோட்டுல எழுதுங்க, எழுதற வரைக்கும் உக்கார மாட்டேன்னேன்."

"எழுதினாங்களா?"

"எழுதினாங்க. ஆறு மாசத்துல பைப்பும் வந்திச்சு. ஜெயிச்சவரே வந்து தொறந்து வெச்சாரு. மொதக் குடம் எங்க வூட்டுக்குத்தான்."

அன்று மாலையே அந்தக் கேள்வியை எல்லோருக்கும் அனுப்பினேன். அங்கே ஒரு சின்ன ஊரில் நூலகராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் நீளமாகப் பதில் எழுதினார். அவர் தெரு தோற்ற வேட்பாளர் பக்கம் நின்ற தெரு. நடைபாதை உடைந்தே கிடக்கிறது. "ஆனால் என் இளமையில் எங்கள் ஊரில் தேர்தலில் தோற்றவர் என்று யாருமே இல்லை. தோற்பதற்கும் ஒருவர் நிற்க முடிகிறது என்பதை நான் குறைவாக நினைக்கவில்லை" என்று முடித்திருந்தார்.

மறுநாள் பஸ்ஸில் அதைப் படித்துக் காட்டினேன். அக்கா கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "அவங்களையும் நோட்டுல எழுத வெக்கச் சொல்லுங்க மேடம்" என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து கடிதம்: நகர மன்றக் கூட்டத்தில் பேசினாராம், பேசியது பதிவேட்டில் ஏறியதாம், வசந்த காலத்தில் சரிசெய்வதாக எழுத்திலேயே பதில் வந்ததாம்.

அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். வழிகாட்டி இந்த முறை திருப்பவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்த அத்தியாயத்தைப் பற்றியே அதிக நேரம் பேசினார். கேள்வி யாருடையது என்றார். சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் அக்காவின் பெயரைப் போட அனுமதி கேட்டேன்.

"ஐயோ, வாணாம் மேடம். அடுத்த எலக்சன்ல மறுபடி நிக்கப் போறேன். எதுனா கதை கட்டி வுட்ருவாங்க."

பெயரில்லாமலே நன்றி எழுதினேன். பட்டம் என்னுடையது, அதில் அவர் பங்கு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். தேர்தல் வரும்போது அவருக்கு நோட்டீஸ் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.