கேசரிடமிருந்து வந்த அழைப்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் குடிப்பவன் அல்ல, கதை கட்டுபவனும் அல்ல. என் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே இது நடந்தது.

எங்கள் ராஜஸ்தான் பக்கம் புதுப்பெண்ணைப் பழைய அரண்மனைக்குக் கூட்டிப்போய், அந்தப்புரத்துத் தேவியைக் கும்பிட வைப்பார்கள். ஆண்கள் உள்ளே போகக்கூடாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, படியேற முடியவில்லை. அதனால் என் மனைவி கேசர் தனியாகப் போனாள். இடுப்புவரை தொங்கும் சிவப்பு முக்காடு. மாமனார் முன்னால் முகம் காட்டவோ பேசவோ கூடாதே!

ஆறு மணிக்கு அரண்மனையைப் பூட்டுவார்கள். அதற்குச் சற்று முன்பு வெளியே வந்தாள். அதே முக்காடு, அதே நடை. பேசாமல் ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா முன் இருக்கையில் ஏறிக்கொள்ள, அப்பா வண்டியை எடுத்தார்.

அவள் தோள் என்மேல் பட்டது. மே மாதச் சூட்டில் அது பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

ஆறே கால். என் போன் அடித்தது. திரையில் 'கேசர்'.

"என்னை விட்டுட்டா போயிட்டீங்க? கதவைப் பூட்டிட்டாங்க... ஒரே இருட்டா இருக்கு. சீக்கிரம் வாங்க..."

அவள் குரலேதான்.

பக்கத்தில் பார்த்தேன். முக்காடு அசையவில்லை.

அப்பா எதிரில் மனைவியின் முக்காட்டைத் தூக்குவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். கை பரபரத்தது. தூக்கவில்லை.

"வண்டியத் திருப்புங்க, பாபூசா! கேசர் அரண்மனையில..."

அப்பா சிரித்தார். "பக்கத்துல வெச்சுக்கிட்டே பொண்டாட்டியத் தேடுறியா? கல்யாண மயக்கம் இன்னும் தெளியலையாடா?"

"வெயில் தலைக்கேறிடுச்சு" என்றாள் அம்மா.

மறுபடியும் போன். இந்த முறை பேச்சில்லை. மரக்கதவில் வளையல்கள் மோதும் சத்தம்.

டக்... டக்... டக்...

மறு காதருகே, முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கிசுகிசுப்பு. அதே குரல்.

"கேக்காதீங்க. அது நான் இல்ல."

என் கைமேல் அவள் கை. கத்த வாய் திறந்தேன்...

கண்ணீர்தான் வந்தது.

வீட்டில் அம்மா ஆரத்தி எடுத்து முக்காட்டை விலக்கினாள். கேசரின் முகம்! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. பைக்கில் அரண்மனைக்குப் பறந்தேன். காவல்காரர் பூராராம் பூட்டைத் திறந்து மூலை முடுக்கெல்லாம் விளக்கடித்துக் காட்டினார். யாரும் இல்லை. தேவியின் காலடியில் கேசரின் போன் மட்டும் கிடந்தது.

"புதுப்பொண்ணு பதற்றத்துல மறந்திருக்கும், தம்பி" என்றார்.

அப்படியானால் அதிலிருந்து என்னை அழைத்தது யார்? அவரிடம் கேட்கவே பயமாக இருந்தது.

மறுநாள் காலை கேசரின் தம்பி நாஹர், அக்காவைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்தான். அவள் கொடுத்த தண்ணீரை வாங்கும்போது, விளையாட்டாக அவள் வளையல்களை மேலே ஏற்றிவிட்டான். பிறகு என்னை வாசலுக்கு இழுத்துப் போனான்.

"ஜீஜாசா... சின்ன வயசுல எங்க அக்கா மணிக்கட்டு அடுப்புல வெந்துபோச்சு. பெரிய தழும்பு. வளையல் போட்டுத்தான் மறைச்சு வெச்சிருந்தா. இந்தக் கையில தழும்பே இல்ல."

அவன் என் கையை இறுகப் பிடித்தான்.

"எங்க அக்கா எங்க, ஜீஜாசா?"

உள்ளேயிருந்து அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். மறுக்கப் பயந்து நாங்கள் போய் உட்கார்ந்தோம்.